சிலம்பும் பரலும்

ஒரு கொள்கலத்தில் இருந்த நூல் வேறொரு கொள்கலத்துக்குப் பெயர்க்கப்பட்ட பின்னும் அது அதே நூல்தானா, அதேதான் என்றால் எதனால் அது அதே நூலாகின்றது என்ற வினா மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் பழகியதாகும். கதிரவன் எழும் கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும், அவன் சாயும் வயற்பக்கத்தைப் படுவான்கரை என்றும் அழைக்கும் இந்நிலத்தில், வாய்மொழியாக வழங்கிய பாடல்கள் ஏட்டில் ஏறியபோது இவ்வினா எழுந்தது. ஏட்டிலிருந்து அச்சுக்குப் போனபோது மறுபடியும் எழுந்தது. இன்று பிரதேச செயலகத்தின் சுற்றறிக்கையும், மாணவரின் ஆய்வேடும், கோவில் நிருவாக சபையின் கும்பாபிஷேக மலரும் கணினியில் தட்டெழுதப்பட்டு, பிடிஎஃப் கோப்பாக மாற்றப்பட்டு, இணையப் பக்கத்தில் ஓர் இணைப்பாக வைக்கப்படும்போது அதே வினா மூன்றாம் முறையாக எழுகின்றது. இதனை எழுதுவினைஞரின் அன்றாட வேலையாகக் கருதி விட்டுவிடுவதே வழக்கம். ஆயினும் உடல் மாறிய பின்னும் மாறாமல் நிற்பது எது என்று நெடுங்காலமாகக் கேட்டுவந்த சமய மரபுகள் வாழும் ஊரில், இந்த வேலைக்குள் ஒரு மெய்யியல் வினா இருப்பதைக் காண்பது கடினமன்று.

பிடிஎஃப் என்பது, ஒரு பக்கம் எந்தக் கணினியில் அல்லது கைபேசியில் திறக்கப்பட்டாலும் ஒரே தோற்றத்தில் தெரிய வேண்டும் என்ற நோக்கத்தோடு உருவான கோப்பு வகையாகும். அடோபி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜோன் வார்னொக் 1991இல் இதற்கான கருத்தை எழுதி முன்வைத்தார். 1993இல் அது வெளிவந்தது. 2008இல் பன்னாட்டுத் தர நிறுவனமாகிய ஐஎஸ்ஓ அதனைத் தன் தரங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வேர்ட் போன்ற சொற்செயலியில் எழுதப்பட்ட ஆவணம் திறக்கப்படும் இடத்துக்கு ஏற்ப வரி முறிந்து, பக்கம் நகர்ந்து, எழுத்தின் உருவம் மாறித் தெரியலாம். பிடிஎஃப் கோப்போ ஒவ்வோர் எழுத்துருவமும் பக்கத்தின் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பதை அளந்து வைத்துக்கொள்வதோடு, அந்த உருவங்களை வரையத் தேவையான எழுத்துருவையும் தன்னுள்ளேயே ஏந்திச் செல்ல வல்லது.

இலங்கைத் தமிழருக்கு இந்த ஆற்றல் ஒரு வசதி என்பதற்கும் மேலாக, நெடுநாள் துன்பம் ஒன்றுக்கான மருந்தாக வந்தது. தமிழைக் கணினியில் எழுதப் பல ஆண்டுகளாகப் பரவலாகப் பயன்பட்ட பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் தமிழ் உருவங்களை அமர்த்தி வைத்த ஓர் ஏற்பாடாகும். ஆங்கிலச் சிற்றெழுத்தான ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் அகரத்தின் உருவமும், ‘கே’ இருக்க வேண்டிய இடத்தில் மகரத்தின் உருவமும், அரைப்புள்ளிக் குறி இருக்க வேண்டிய இடத்தில் மெய்யின் புள்ளியும், ‘எச்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆகாரக் காலும் அதில் வரையப்பட்டிருந்தன. எனவே ‘அம்மா’ என்று ஒருவர் தட்டெழுதிச் சேமித்த கோப்பினுள் உண்மையிற் பதிந்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளே. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறப்பவருக்கு அந்த ஐந்து குறிகளும் அப்படியே தெரியும். தாய் என்ற சொல்லே இவ்வாறு பொருளற்ற குறிக்கூட்டமாகத் தெரிந்த அனுபவம் அக்காலத்தில் தமிழ்க் கோப்புகளைப் பெற்ற எவருக்கும் அந்நியமானதன்று. அதே ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கியபோது எழுத்துருவும் கூடவே சென்றது. மட்டக்களப்பின் கல்லடியில் எழுதியது கனடாவிலும் எழுதியபடியே தெரிந்தது.

ஆயினும் இந்த மருந்து தீர்த்தது கண்ணின் துன்பத்தை மட்டுமே. பிடிஎஃப் ஆன பின்னும் அந்தக் கோப்பின் உள்ளே அம்மா இல்லை. ஆங்கிலக் குறிகள் ஐந்தே உள்ளன. அதற்குள் ‘அம்மா’ என்று யுனிகோட் முறையில் தட்டெழுதித் தேடினால் கோப்பு விடை தராது. யுனிகோட் என்பது உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஏற்பாடு. 1991இல் அது முதன்முதலாக வெளியானபோதே தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. அம்முறையில் எழுதியதைப் பிடிஎஃப் ஆக்கும்போதுகூட வேறொரு வகையான இழப்பு நேரலாம். ‘கொ’ என்ற எழுத்தைக் கண் பார்க்கும் வரிசையில் முதலில் கொம்பும், நடுவில் ககரமும், இறுதியில் காலும் நிற்கின்றன. யுனிகோடோ முதலில் ககரத்தையும் அதன்பின் ஒகர உயிரின் குறியையும் பதிகின்றது. பிடிஎஃப் கோப்பு வரையப்பட்ட உருவங்களின் இடத்தையே முதன்மையாகக் கொள்வதால், உருவத்திலிருந்து எழுத்துக்குத் திரும்பும் வழியைக் காட்டும் அட்டவணை சரியாக அமையாவிடின், அதிலிருந்து ஒரு பத்தியைப் பெயர்த்தெடுப்பவரின் கையில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிய தமிழே கிடைக்கும்.

தமிழ் இலக்கண மரபை அறிந்தவருக்கு இந்தச் சிதறல் ஒரு தொழில்நுட்பக் குறையாக மட்டும் தெரியாது. நன்னூல் ஒலியையே எழுத்தெனக் கொள்கின்றது. வரையப்படும் உருவம் அந்த ஒலியின் அடையாளம். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகும்போது மெய் முன்னும் உயிர் பின்னுமாகத் தோன்றும் என்பது தொல்காப்பியம் முதலாக வரும் விதி. ஆகவே யுனிகோட் பதியும் வரிசை செவியின் வரிசை; பிடிஎஃப் காக்கும் வரிசை கண்ணின் வரிசை. இலக்கணம் எழுத்துக்கு இட்ட பெயர்களே உயிர் என்றும் மெய் என்றும், அதாவது ஆன்மா என்றும் உடல் என்றும் பொருள்படுவன என்பதை நினைத்தால், உருவத்தை முழுமையாகக் காத்து உயிரின் இடத்தைத் தவறவிடும் கோப்பு எதனைக் காத்தது என்ற வினா தானே எழும்.

இந்த இழப்புக்கு இன்னும் வெளிப்படையான வடிவம் ஒன்றும் உண்டு. அலுவலகங்களில் ஓர் ஆவணம் கணினியில் தட்டெழுதப்பட்டு, தாளில் அச்சிடப்பட்டு, கையொப்பமும் முத்திரையும் இடப்பட்டு, பின்னர் அந்தத் தாளே ஸ்கான் செய்யப்பட்டுப் பிடிஎஃப் ஆகின்றது. கையொப்பமும் முத்திரையும் நம்பிக்கைக்குரிய அடையாளங்கள் என்பதால் இதனைக் குறை கூறிவிட முடியாது. ஆனால் அவ்வாறு பிறந்த கோப்பில் ஓர் எழுத்துகூட இல்லை. தாளின் நிழற்படம் மட்டுமே உண்டு. கண்பார்வையற்ற ஒருவர் தம் கணினியின் திரைவாசிப்பானைக் கொண்டு அதனைத் திறந்தால் அது ஊமையாக நிற்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொது அதிகாரசபைகளிடமுள்ள தகவலை மக்கள் பெறும் உரிமையை வகுத்தது. வெளியிடப்பட்ட ஆவணம் ஒரு குடிமகனுக்குப் பேசி, மற்றொரு குடிமகனுக்குப் பேசாதிருந்தால் அது வெளியிடப்பட்டதா என்பது சட்டத்தின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் வரும் வினாவாகும்.

எழுத்துள்ள கோப்பும் எழுத்தற்ற கோப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதில் ஆழ்ந்து நோக்க வேண்டியது. எழுத்துகள் உயிரோடிருக்கும் பிடிஎஃபும், எழுத்தின் சாயல் மட்டுமே உள்ள பிடிஎஃபும் திரையில் அருகருகே திறக்கப்பட்டால் வேறுபாடு தெரியாது. மட்டக்களப்பு மக்கள் தலைமுறை தலைமுறையாக வைகாசிதோறும் கேட்டுவரும் கண்ணகி கதையின் நடுவில் இருப்பதும் இப்படிப்பட்ட இரு பொருள்களே. கோப்பெருந்தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் வேறுபாடு காண முடியாதவை. அந்த ஒப்புமையே பொற்கொல்லனின் பொய்க்கு இடமளித்தது. சிலப்பதிகாரத்தின்படி வழக்கு தீர்ந்தது சிலம்பின் புறத்தை நோக்கியதால் அன்று. அது உடைக்கப்பட்டு உள்ளிருந்த பரல் முத்தன்று, மாணிக்கம் என்று வெளிப்பட்டதால். ஒரு கோப்பில் ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பதும், ஒரு வரியைப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்ப்பதும், திரைவாசிப்பானிடம் கொடுத்துக் கேட்டுப் பார்ப்பதும் சிலம்பை உடைத்துப் பார்க்கும் செயல்களே. பாண்டியன் அவையில் அந்தச் சோதனை காலங்கடந்து நடந்தது. கண்ணகியின் கணவன் கோவலன் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தான்.

பரல் என்று இங்கே குறிக்கப்படுவது எது என்பதைச் சைவ சித்தாந்தத்தின் வாக்குக் கொள்கையைக் கொண்டு இன்னும் நுட்பமாகச் சொல்லலாம். சித்தாந்தம் சொல்லை நான்கு நிலைகளில் வைத்து விளக்குகின்றது. செவிக்குக் கேட்கும் சொல் வைகரி. வெளிப்படாமல் உள்ளத்தில் எழுத்துகள் முறைப்பட்டு நிற்கும் நிலை மத்திமை. எழுத்துகள் இன்னும் பிரியாமல், மயில் முட்டையின் நீருக்குள் தோகையின் வண்ணங்கள் எல்லாம் அடங்கியிருப்பதுபோல் அடங்கி நிற்பது பைசந்தி. அதற்கும் அப்பால் அழியா மூலமாக நிற்பது சூக்குமை. ஒலியும் இன்றி, வரிவடிவமும் இன்றி, எழுத்துகள் முறையாக நிற்றல் என்ற ஒன்று உண்டு என்பதை இக்கொள்கை மத்திமை என்ற பெயரால் ஏற்றுக்கொண்டிருப்பது வியப்புக்குரியது. யுனிகோடில் பதிந்த ஒரு வரி இருக்கும் நிலையும் அதுவே: அதற்குத் தனக்கென உருவம் இல்லை, ஒலியும் இல்லை, முறை மட்டும் உண்டு, வேண்டியபோது உருவாகவும் ஒலியாகவும் வெளிப்படும். இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்திமை அறிவுடைய உயிரில் நிகழ்வது. கணினி அறிவற்ற சடம். முறையாக அடுக்கப்பட்ட எண்கள் தாமாகப் பொருளை உணரமாட்டா, உணர்பவர் ஒருவர் வரும்வரை காத்திருக்க மட்டுமே அவற்றால் முடியும். அவ்வாறு காத்திருக்கும் தகுதியைக் காப்பதே ஒரு நூலைக் காப்பதாகும். உருவத்தைக் காப்பது அதற்குத் துணை செய்யும் பணி.

இந்த முடிவுக்கு வாவிக்கரை தந்த பெருஞ்சான்று சுவாமி விபுலாநந்தரின் யாழ்நூலாகும். 1892இல் காரைதீவில் பிறந்து, இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டு, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அவர், தமிழர் வாசித்த யாழ் என்ற கருவி முற்றாக மறைந்த பின் அதன் இசையைத் தேடினார். பார்த்துப் பின்பற்ற உருவம் இல்லை. கேட்டுப் பின்பற்ற ஒலியும் இல்லை. எஞ்சியிருந்தது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை முதலிய இடங்களில் நின்ற எழுத்துகளின் முறை மட்டுமே. அந்த எழுத்துகளிலிருந்து நரம்புகளின் முறையையும், சுரங்களின் அளவையும், பண்களின் பிறப்பையும் கணித அறிவின் துணையோடு மீட்டெடுத்து அவர் எழுதிய யாழ்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஏடெழுதியோர் ஒவ்வொரு முறையும் ஓலையைப் புதுக்கியபோது பழைய கையெழுத்தின் வளைவுகளைக் காக்கவில்லை, எழுத்துகளின் முறையைக் காத்தார்கள். அதனாலேயே அவருக்குக் கைகொடுக்க ஏதோ ஒன்று எஞ்சியிருந்தது.

கொள்கலம் மாறும்போது உள்ளிருப்பது தானாகவே கூட வந்துவிடும் என்ற நம்பிக்கை சமயச் சடங்குகளில் எங்கும் இல்லை. கோவில் திருப்பணிக்காகக் கருவறையைத் தொட வேண்டியிருந்தால், ஆகம முறைப்படி முதலில் பாலஸ்தாபனம் செய்யப்படுகின்றது. மூல மூர்த்தியில் விளங்கும் இறைகலைகள் கும்பத்துக்கு ஈர்க்கப்பட்டு, தற்காலிகமான இளங்கோவிலில் நிலைநிறுத்தப்பட்டு, திருப்பணி முடிந்தபின் கும்பாபிஷேகத்தில் மீண்டும் மூல மூர்த்திக்குச் சேர்க்கப்படுகின்றன. கலைகளை இவ்வாறு ஈர்ப்பதைக் கலாகர்ஷணம் என்பர். இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று கொள்ளும் சமயமே, ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்குப் பெயர்க்கும் செயலைத் தகுதி வாய்ந்தவர் முன்னின்று, மந்திரமும் பாவனையும் பொருந்த, ஊரார் சாட்சியாக நடத்த வேண்டும் என்று வகுத்திருக்கின்றது. அச்சிடும் பொத்தானை அழுத்துவதோடு பெயர்த்தல் முடிந்துவிட்டதாகக் கருதும் மனநிலைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. பெயர்த்தவர் பெயர்த்தபின் திரும்பிப் பார்த்தல் வேண்டும். உள்ளே சேர வேண்டியது சேர்ந்ததா என்று சோதித்தல் வேண்டும். நீண்டகாலக் காப்புக்கென 2005இல் வகுக்கப்பட்ட பிடிஎஃப்-ஏ என்ற தரம் இந்த நுட்பத்தைத் தன் வழியில் உணர்ந்திருக்கின்றது. அதில் இரு படிகள் உண்டு: ‘பி’ என்ற படி தோற்றம் மாறாமையை மட்டும் உறுதிசெய்கின்றது, ‘ஏ’ என்ற படி ஒவ்வோர் உருவத்துக்கும் உரிய யுனிகோட் எழுத்தையும், தலைப்பு, பத்தி என்ற அமைப்பையும் உடன் வைக்குமாறு கேட்கின்றது. பொறியியலாளர் வகுத்த தரத்திலேயே உருவத்துக்கு ஒரு படியும் எழுத்துக்கு அதனினும் உயர்ந்த படியும் அமைந்திருக்கின்றன.

வாவியின் எழுவான்கரையில் மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே உள்ள காத்தான்குடியில் இதே வினா வேறு மரபின் மொழியில் எழுகின்றது. திருக்குர்ஆன் என்ற சொல்லே ஓதப்படுவது என்ற பொருளைத் தருவது. ஏட்டில் எழுதப்பட்டுக் கட்டப்பட்ட பிரதிக்கு முஸ்ஹப் என்று வேறு பெயர் உண்டு. முஸ்ஹபைத் தொடுவதற்கு வுழூ எனப்படும் உடற்தூய்மை வேண்டும் என்பது பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடாகும். கைபேசியில் குர்ஆன் கோப்பை வைத்திருப்பவர் அந்தக் கைபேசியைத் தொடவும் வுழூ வேண்டுமா என்ற வினாவுக்கு, திரையில் தோன்றி மறையும் அது முஸ்ஹபின் நிலையை அடையாது என்று இக்கால அறிஞர் பலர் விடை கூறியுள்ளனர். ஓதப்படும் சொல் ஒன்றே. அதன் கொள்கலங்களுக்கு உரிய மரியாதை வேறுவேறு என்ற இந்தப் பகுப்பு மிகத் தெளிவானது. அதற்கும் மேலாக, முழுக் குர்ஆனையும் மனனம் செய்த ஹாபிழின் நினைவு எழுத்துப் பிரதியைத் திருத்தும் தகுதி பெற்றதாக அம்மரபில் மதிக்கப்படுகின்றது. ஒரு பிரதியில் அச்சுப்பிழை இருந்தால் அதனைச் செவி கண்டுபிடிக்கும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களும் முஸ்லிம்களிடையே வழங்கின. வரிவடிவம் முழுவதும் மாறிய பின்னும் அவை வாசிக்கப்பட்டபோது தமிழாகவே கேட்டன.

இனி இணைப்பு என்பதை நோக்க வேண்டும். இணையப் பக்கத்தில் கோடிட்டு நிற்கும் ஒரு சொல், அழுத்தியவுடன் வேறெங்கோ இருக்கும் கோப்பைத் திறந்து காட்டுகின்றது. அச்சொல்லின் பின்னே கோப்பு இருக்கும் முகவரி எழுதப்பட்டுள்ளது. தமிழ் இலக்கணத்தில் இதற்கு நெருங்கிய உறவு சுட்டு. ‘அவன்’ என்ற சொல்லிலுள்ள சுட்டைப் பிரித்தால் சொல்லே சிதையும் என்பதால் அது அகச்சுட்டு. ‘அவ்வூர்’ என்பதில் சுட்டை நீக்கினாலும் ஊர் நிற்கும் என்பதால் அது புறச்சுட்டு. இணைப்பு முற்றிலும் புறச்சுட்டே. கோப்புக்கும் அதற்கும் உள்ளுறவு இல்லை. கோப்பை வேறு அடுக்கில் வைத்தாலும், பெயரை மாற்றினாலும், இணையத்தளத்தைப் புதுப்பித்தாலும், சுட்டு நிற்க, சுட்டப்பட்டது மறைந்துபோகும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ 1998இலேயே முகவரிகள் மாறக்கூடாது என்றும், மாறுவதற்குக் காரணம் தொழில்நுட்பமன்று, வைத்தவர்களின் முன்யோசனையின்மையே என்றும் வற்புறுத்தி எழுதினார்.

வேதாந்திகள் பிறையைக் காட்ட மரக்கிளையைக் காட்டும் உவமையைக் கையாள்வர். ‘அந்தக் கிளைக்கு மேலே பார்’ என்று சொல்பவர் பிறை கிளையில் இருப்பதாகச் சொல்லவில்லை. பார்வையைத் திருப்ப அது உதவுகின்றது. இவ்வாறு பொருளின் இயல்பைச் சொல்லாமல் அதனைச் சார்ந்து நிற்பதொன்றால் அடையாளம் காட்டுவது தடத்த இலக்கணம். பொருளின் சொந்த இயல்பையே கூறுவது சொரூப இலக்கணம். இணைய முகவரி தடத்த இலக்கணம் மட்டுமே. கோப்பு எங்கே இருக்கின்றது என்பதைச் சொல்கின்றது, அது எது என்பதைச் சொல்வதில்லை. அதே முகவரியில் நேற்று ஒரு கோப்பும் இன்று திருத்தப்பட்ட வேறொரு கோப்பும் இருக்க இடமுண்டு. சொரூபத்தை நெருங்கும் வழி ஒன்று கணினியியலில் உண்டு: கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணித்து எடுக்கப்படும் ஹேஷ் என்ற எண், ஒரு புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். காணிப் பத்திரத்தையோ கோவில் உரிமையையோ பற்றிய ஆவணத்தை இணைப்பவர் முகவரியோடு அந்த எண்ணையும், வெளியிட்ட நாளையும் அருகே எழுதி வைத்தால், கிளையோடு பிறையின் இயல்பையும் சொன்னவராவார்.

உரிமை ஆவணம் என்றதும் மட்டக்களப்பில் நினைவுக்கு வர வேண்டிய சொல் கல்வெட்டு. பிற இடங்களில் அது கல்லில் வெட்டப்பட்ட எழுத்தைக் குறிக்க, இங்கே குடிகளின் வரிசையையும் கோவில்களின் உரிமைகளையும் கூறும் பாடல்களும் ஏடுகளும்கூடக் கல்வெட்டு என்றே பெயர் பெற்றன. தாய்வழியே வரும் குலப்பிரிவுகளான குடிகளுள் கோவிற் சடங்கில் யாருக்கு எந்த முறை என்பதை இக்கல்வெட்டுகளைக் கொண்டு வண்ணக்கர்மார், அதாவது கோவில் அறங்காவலர், உறுதிப்படுத்தினர். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் ஏட்டு மரபில் வந்த இத்தகைய செய்திகளை அச்சுக்குக் கொண்டுவந்த நூலாகும். ஓலை கல்லன்று, ஆயினும் கல்லுக்குரிய மாறாமையை ஓலைக்கும் வாய்க்கும் கோரிய இச்சொல் வழக்கில், மாறாமையைத் தருவது பொருளின் கடினமன்று, அதனைக் கூட்டத்தில் ஓதிக் கேட்டு ஒப்பும் மக்களே என்ற தெளிவு அடங்கியிருக்கின்றது. இன்று கோவில் யாப்பைப் பிடிஎஃப் ஆக்கி வெளியிடுவோர் அதே மாறாமையைக் கோப்பு வகையிடம் எதிர்பார்க்கின்றனர். பிடிஎஃப் கோப்பையும் திருத்த முடியும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்கும் அடியில் இன்னும் கடினமான சமய வினா ஒன்று உண்டு. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், மகிழூர், புதுக்குடியிருப்பு, வந்தாறுமூலை எனக் கரை நெடுகிலும் கண்ணகி அம்மன் கோவில்கள் உள்ளன. இவற்றுட் பலவற்றில் வைகாசிச் சடங்கு கதவு திறத்தலோடு தொடங்கும். அம்மனின் கதையைக் கூறும் கண்ணகி வழக்குரை என்ற நூல் நாள்தோறும் படிக்கப்படும். அம்மனின் சினம் ஆறி ஊர் குளிர வேண்டும் என்று திருக்குளிர்த்தி பாடிச் சடங்கு நிறைவுறும். பின்னர்க் கதவு அடைக்கப்படும். வழக்குரைக்குரிய காலமும் இடமும் அம்மன் சந்நிதியில் இவ்வாறு வரையறுக்கப்பட்டிருக்கும்போது, அதன் ஏட்டைப் பிடிஎஃப் ஆக்கி எந்நேரமும் எவரும் திறக்கக்கூடிய இணைப்பாக வைப்பது, அடைத்திருக்க வேண்டிய கதவை ஆண்டு முழுவதும் திறந்து வைப்பதாகாதா? இவ்வாறு கேட்பவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது நேர்மையாகாது. மறைத்தலும் அருளின் ஒரு வகை என்று கொள்ளும் சைவ மரபில், ஒன்று எப்போதும் கிடைப்பதால் அதன் மதிப்பு கூடிவிடுவதில்லை.

இதற்கு ஒரு பகுதி விடையை வரலாறே தந்துவிட்டது. மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலை எழுதியதோடு, 1968இல் கண்ணகி வழக்குரையை ஏட்டுப் பிரதிகளிலிருந்து பதிப்பித்து வெளியிட்டார். அச்சுப் புத்தகம் எந்த மாதத்திலும் திறக்கும். ஆயினும் அதனால் வைகாசியின் கதவு திறத்தல் பொருளற்றுப் போய்விடவில்லை. நூல் வேறு, நூலைச் சந்நிதியில் படித்தல் வேறு என்பதை ஊர் அறிந்திருந்தது. மறுபக்கத்தில், வெளியே பிரதி இல்லாமல் இருப்பதன் விலையையும் இவ்வூர் அறியும். 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியில் கூரைகளோடு தாள்களும் போயின. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுவான்கரையின் வீடுகளுக்குள் புகுந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தமிழர் இழந்தவற்றுள் மறுபிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டதன் பின்னணியில் இந்த இழப்புகளின் நினைவு உண்டு. அழிவின் அச்சத்தை நேரில் அறிந்த மக்கள் பிரதியைப் பல இடங்களில் வைக்க விரும்புவதை மரபுமீறல் என்று சொல்வதற்கில்லை. ஏடு சிதையும் முன் பெயர்த்தெழுதுவதே மரபாக இருந்தது.

எனவே இணைப்பு திறந்திருப்பதில் தவறில்லை. எந்தக் கோவில் ஏடு, எந்த ஊர்ப் பாடம், எப்போது படிக்கப்படுவது என்ற செய்தி இல்லாமல் திறந்திருப்பதே தவறு. வழக்குரையின் பாடங்கள் ஏட்டுக்கு ஏடு வேறுபடுகின்றன. அதன் ஆசிரியர் யார் என்பதிலும் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஊரின் பெயர் நீங்கிய கோப்பில் அந்த வேறுபாடுகள் எல்லாம் பிழைகளாகத் தோன்றும், அல்லது ஒரு பாடமே ஒரே பாடமாக நிலைத்துவிடும். இதற்கு எழுத்துணரி மென்பொருளின் பணியும் துணைபோகக்கூடும். எழுத்துணரி என்பது ஸ்கான் செய்த படத்தில் உள்ள உருவங்களைப் பார்த்து அவை எந்த எழுத்துகள் என்று ஊகித்துப் படத்தின் அடியில் பதிந்து வைப்பது. படத்துக்கு மத்திமை நிலையை மீட்டுக்கொடுக்கும் முயற்சி அது. பழைய ஏட்டில் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பையும், ரகரமும் காலும் ஒரே வடிவையும் பெற்று நிற்பதுண்டு. அச்சில் அவை பிரிந்த பின்னும் மங்கிய தாளில் ணகரத்தையும் னகரத்தையும் மென்பொருள் மயங்கிப் படிக்கும். அத்தகைய இடத்தில் எது சரியான எழுத்து என்று முடிவு செய்ய அகராதி போதாது, ஏனெனில் இரண்டு வாசிப்புகளும் சொல்லாக நிற்கும். ஓசை எங்கே தட்டுகின்றது, அடுத்த அடியின் எதுகை எதனைக் கேட்கின்றது என்று அறிந்த காது வேண்டும். அந்தக் கோப்பைத் தாளில் அச்சிட்டு முன்வைத்தாலும் அக்காதுடையோர் பார்த்துத் திருத்தமாட்டார்கள். ஒருவர் படிக்கக் கேட்டே திருத்துவார்கள். அவர்கள் எல்லோரும் ஒன்றுகூடுவது வைகாசியில், கதவு திறந்திருக்கும் நாட்களில், வழக்குரை படிக்கப்படும் கோவில் முற்றத்தில்தான்.